கல்லூரி மாறும் மல்யுத்த வீரருக்குப் புதிய அணியில் இடம் கிடைக்குமா என்று கணிக்கும் முறை

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் இறுதிச் சுற்று அங்கே மார்ச் மாதச் சனிக்கிழமை மாலையில் நடக்கும்போது சிங்கப்பூரில் ஞாயிறு காலை. 2025ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் நடந்த போட்டியை நான் இட்லித் தட்டோடு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். பத்து எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற பத்துப் பேரில் நால்வர் வேறொரு கல்லூரியில் தொடங்கி இடையில் மாறி வந்தவர்கள். மிட்செல் மெசன்பிரிங்க் கலிஃபோர்னியா பேப்டிஸ்டிலிருந்து பென் ஸ்டேட்டுக்கும், டீன் ஹமிட்டி விஸ்கான்சினிலிருந்து ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும், வையட் ஹென்ட்ரிக்சன் விமானப்படைக் கல்லூரியிலிருந்து அதே ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் வந்தவர்கள். ஸ்டீஃபன் புக்கானன் வயோமிங், ஓக்லஹோமா என இரண்டு கல்லூரிகளைக் கடந்து ஐயோவாவுக்கு வந்தவர். அன்று மதியமே அமெரிக்காவில் படிக்கும் என் அக்கா மகனிடமிருந்து செய்தி வந்தது: “மாமா, நானும் காலேஜ் மாறிடலாம்னு பாக்குறேன். நீங்க என்ன சொல்றீங்க?”

அவன் இங்கே பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக ஜூடோ பழகி, பிறகு மல்யுத்தத்துக்கு வந்து, தேசிய சேவையை முடித்துவிட்டு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் முதல் பிரிவுக்கு அடுத்த நிலையான இரண்டாம் பிரிவைச் சேர்ந்த ஒரு சிறிய கல்லூரியில் சேர்ந்தவன். அவனுக்குப் பதில் சொல்வதற்காக நானும் அவனும் பல வாரங்கள் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளையை அங்கே அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்கும், ஒரு வீரர் கல்லூரி மாறினார் என்ற செய்தியைக் கேட்டதும் அவர் அங்கே தேறுவாரா என்று கணிக்க விரும்பும் ரசிகர்களுக்கும் இந்த முறை பொருந்தும். ஒருவர் இதுவரை எத்தனை முறை வென்றார் என்பதைக் கடைசியில் பார்த்தால் போதும். புதிய அணியில் அவருடைய எடையில் இடம் காலியாக இருக்கிறதா, அந்த எடையை அவருடைய உடல் உண்மையிலேயே தாங்குமா, அன்றாடம் அவரோடு பிடி போட யார் இருக்கிறார்கள் என்ற மூன்றும்தான் முதலில் பார்க்கப்பட வேண்டியவை.

கால்பந்தில் ஒரு வீரரைச் சேர்த்துக்கொண்டால் பயிற்றுநர் அவரை எங்காவது ஆட வைத்துவிடலாம். கல்லூரி மல்யுத்தத்தில் எடைப் பிரிவுகள் பத்துதான். ஒவ்வொன்றிலும் அணியின் சார்பில் களமிறங்குபவர் ஒருவர்தான். ஆகவே ஒரு தாளில் பத்து வரிகள் போட்டு, பவுண்டில் சொல்லப்படும் 125, 133, 141, 149, 157, 165, 174, 184, 197, 285 ஆகிய எடைகளை எழுதி, நமக்குப் பழகிய கிலோவில் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். 125 என்பது ஏறத்தாழ 56.7 கிலோ, 157 என்பது 71.2, 174 என்பது 78.9, 184 என்பது 83.5, 197 என்பது 89.4. பின்னர் கல்லூரியின் இணையப் பக்கத்தில் உள்ள அணிப் பட்டியலை எடுத்து, ஒவ்வோர் எடையிலும் சென்ற பருவத்தில் இறங்கியவர் யார், அவருக்கு இன்னும் எத்தனை பருவங்கள் மீதமிருக்கின்றன, அவருக்குப் பின்னால் காத்திருப்பவர் யார், புதிதாகச் சேரவிருக்கும் பள்ளி மாணவர் யார் என்று நான்கு கட்டங்களை நிரப்புங்கள்.

இந்தக் கட்டங்களில் பலரும் தவறவிடுவது மூன்றாவது. ஓராண்டு போட்டியில் இறங்காமல், தகுதிப் பருவத்தைச் செலவழிக்காமல், பயிற்சி மட்டும் பெறும் வீரரை அங்கே ரெட்ஷர்ட் என்பார்கள். சென்ற பருவத்தின் முடிவுகளில் அவர் பெயர் அவ்வளவாகத் தென்படாது என்பதால், அந்த எடை காலியாகக் கிடப்பதுபோலத் தோன்றும். ஆனால் அவர் ஒரு வருடமாகத் தினமும் அதே பாயில் பயிற்சி பெற்று, பயிற்றுநரின் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பவர். வெளியிலிருந்து வருபவர் முதலில் முந்த வேண்டியது அவரைத்தான்.

அணியின் அளவும் இப்போது மாறிவிட்டது. முன்பு முதல் பிரிவு ஆடவர் மல்யுத்தத்தில் ஓர் அணி முழுவதற்கும் சேர்த்து 9.9 உதவித்தொகைகள்தான் அனுமதிக்கப்பட்டன. அதைத்தான் பயிற்றுநர்கள் துண்டு துண்டாகப் பலருக்குப் பங்கிட்டார்கள். கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது குறித்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை எண்ணிக்கையில் வரம்பு இல்லை. ஆனால் அணியில் 30 பேருக்கு மேல் இருக்க முடியாது. பத்து எடைக்கு முப்பது பேர் என்றால் சராசரியாக எடைக்கு மூவர். முன்பெல்லாம் நாற்பது பேர் கொண்ட அறையின் ஓரத்தில் ஒதுங்கி நின்று, மெதுவாக முன்னேறி, நான்காம் ஆண்டில் இடம் பிடித்தவர்கள் உண்டு. அந்த வழி குறுகிவிட்டதால், “வந்து சேர், பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒரு பயிற்றுநர் சொன்னால், முப்பது பேரில் அவன் எத்தனையாவது ஆள் என்று தயங்காமல் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது எடை. எங்கள் குடும்பம் ஏறக்குறைய ஏமாந்த இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அக்கா மகன் தன் கல்லூரியில் 174 பவுண்டு பிரிவில் இறங்கியவன். அவனை அழைத்த முதல் கல்லூரியில் அந்த எடையில் இருந்தவர் படிப்பை முடித்துக்கொண்டு போகிறார். பின்னால் யாரும் இல்லை. பயிற்றுநரும் “இடம் உனக்குத்தான்” என்று சொல்லிவிட்டார். அக்கா சந்தோஷத்தில் சொந்தக்காரர்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டார். விடுமுறைக்கு வந்திருந்த பையனைத் தேக்கா உணவங்காடியில் எதிரே உட்கார வைத்து, “இப்ப உன் எடை என்னடா?” என்று கேட்டேன். “எண்பத்திரண்டு மாமா, கொழுப்பு எட்டு சதவீதம்” என்றான். கடையில் கொடுத்த ரசீதின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம்.

கல்லூரி மல்யுத்தத்தில் பருவம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடை சான்றளிக்கப்படுகிறது. முதலில் சிறுநீரின் அடர்த்தி 1.020க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். அதாவது தண்ணீர் குடிக்காமல் வறண்ட உடலோடு வந்து எடையைக் காட்ட முடியாது. அதன்பின் உடலின் கொழுப்பு அளக்கப்பட்டு, ஆடவருக்கு ஐந்து சதவீதத்துக்குக் கீழே போகாத எடை எதுவோ அதுவே எல்லையாக வைக்கப்படும். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. 82 கிலோவில் எட்டு சதவீதக் கொழுப்பைக் கழித்தால் 75.44 கிலோ, அதை 0.95ஆல் வகுத்தால் 79.4 கிலோ. 174 பவுண்டு பிரிவின் எல்லையோ 78.9 கிலோ. அரைக் கிலோதான் வித்தியாசம் என்றாலும், அந்த அரைக் கிலோவால் அவன் 184க்குப் போயாக வேண்டும். அந்தக் கல்லூரியில் 184இல் இன்னும் இரண்டு ஆண்டுகள் மீதமுள்ள ஒருவர் நிலையாக இறங்கிக்கொண்டிருந்தார். காலியாக இருந்த இடம் அவனுடைய இடமே அல்ல என்பது தேநீர் ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது.

அவன் உடனே, இன்னும் கொஞ்சம் கொழுப்பைக் குறைத்துச் சதையையும் கரைத்துவிடுகிறேன் என்றான். நான் சம்மதிக்கவில்லை. 1997ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், ஏறக்குறைய ஐந்து வாரங்களுக்குள், மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடையைக் குறைக்கும் முயற்சியிலேயே உயிரிழந்தார்கள். வெப்பமான அறையில் ரப்பர் உடை அணிந்து வியர்வை சிந்தியவர்கள் அவர்கள். இன்றைய சான்றளிப்பு விதிகள் எல்லாம் அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்தவை. வளரும் பையனின் எடை ஆண்டுக்கு ஆண்டு கூடும் என்பதை ஏற்றுக்கொண்டு, அடுத்த எடையில் அவனுக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பெற்றோர் செய்ய வேண்டியது. மேல் எடைக்குப் போவது தாழ்வும் அல்ல. ஹமிட்டி விஸ்கான்சினில் 165இல் இறங்கியவர். ஓக்லஹோமா ஸ்டேட்டில் 174க்கு ஏறித்தான் பட்டம் வென்றார். கார்னெலுக்காக 2019இல் 184இன் இறுதிச் சுற்றில் தோற்ற மேக்ஸ் டீன், பென் ஸ்டேட்டுக்கு மாறி 2022இல் 197இல் பட்டம் வென்றார்.

இனிப் பயிற்சி அறை. கல்லூரியின் பெயரைவிட, அந்த அறையில் உங்கள் பிள்ளையின் எடைக்கு ஒரு படி மேலும் கீழும் இருப்பவர்கள் யார் என்பது முக்கியம் என்பதே என் உறுதியான எண்ணம். 174இல் இருப்பவர் தினமும் பிடி போடுவது 165, 184 எடைக்காரர்களோடுதான். மெசன்பிரிங்க் பென் ஸ்டேட்டுக்கு மாறியபோது, கல்லூரிப் போட்டிகளில் 159 முறை வென்று ஒருமுறைகூடத் தோற்காத கேல் சாண்டர்சன் பயிற்றுநராக இருக்கும் அறைக்குள் போனார். அவருக்கு அடுத்த எடைகளில் கார்ட்டர் ஸ்டராச்சி போன்ற தேசிய வெற்றியாளர்கள் இருந்தார்கள். முதல் ஆண்டு இறுதிச் சுற்றில் ஐயோவா ஸ்டேட்டின் டேவிட் காரிடம் தோற்றார்; மறு ஆண்டு வென்றார். அவர் அந்த இறுதிச் சுற்றில் வென்றது மைக்கேல் காலியெண்டோவை. காலியெண்டோவும் நார்த் டகோட்டா ஸ்டேட்டிலிருந்து ஐயோவாவுக்கு மாறி வந்தவர்தான்.

அறையைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பயிற்சியின் கடைசி இருபது நிமிடங்களை இருந்து பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் எல்லா அறையும் சுறுசுறுப்பாகத்தான் தெரியும். களைத்துப்போன பிறகு இரண்டாம் நிலை வீரர்களோடு துணைப் பயிற்றுநர் பாயில் இறங்குகிறாரா, அல்லது முதல் பத்துப் பேரைச் சுற்றியே எல்லாரும் நிற்கிறார்களா என்பது அப்போது வெளிச்சமாகும். முதல் பருவத்தில் உங்கள் பிள்ளை இரண்டாம் நிலை வீரனாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்களை அந்த அறை எப்படி நடத்துகிறது என்பதுதான் அவன் வாழப்போகும் வாழ்க்கை.

சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் உண்டு. நாம் இங்கே பழகுவது ஒலிம்பிக்கில் உள்ள ஃப்ரீஸ்டைல் முறை. அங்கே ஆடவர் கல்லூரிப் போட்டிகள் நடப்பதோ ஃபோக்ஸ்டைல் எனப்படும் முறையில். ஃப்ரீஸ்டைலில் எதிராளியைக் கீழே வீழ்த்திய பின் உடனே புரட்ட முடியாவிட்டால் நடுவர் எழுப்பிவிடுவார். ஃபோக்ஸ்டைலில் அவரைக் கீழேயே அடக்கி வைத்திருப்பதே ஒரு கலை. அடக்கிவைத்த நேரம் எதிராளியைவிட ஒரு நிமிடம் கூடினால், ரைடிங் டைம் என்று ஒரு புள்ளி கிடைக்கும். கீழே இருப்பவர் விடுபட்டு எழுந்தால் ஒன்று, நிலையைத் திருப்பினால் இரண்டு, நின்ற நிலையிலிருந்து எதிராளியைக் கீழே வீழ்த்தி அடக்கும் டேக்டவுனுக்கு 2023-24 பருவத்திலிருந்து மூன்று. இங்கிருந்து போகும் பிள்ளைகள் நின்று போடும் பிடிகளில் பிரகாசித்து, கீழே மாட்டிக்கொண்டால் தவித்துப்போவார்கள். ஆகவே புதிய கல்லூரியில் கீழ்நிலையிலிருந்து எழும் பயிற்சியைத் தனியாகக் கற்பிக்கும் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை இல்லை. கல்லூரிப் பெண்கள் மல்யுத்தம் ஃப்ரீஸ்டைலிலேயே நடக்கிறது. 2025 ஜனவரியில் அதற்குத் தேசிய வெற்றியாளர் போட்டி என்ற தகுதியும் கிடைத்துவிட்டதால், நம் பெண்களுக்கு அங்கே கதவு நன்றாகவே திறந்திருக்கிறது.

இப்போதுதான் வெற்றி தோல்விக் கணக்கு. இருபது வெற்றி, எட்டுத் தோல்வி என்ற எண்களைப் படித்தால் போதாது. யாரிடம், எப்படி என்று பார்க்க வேண்டும். தேசியப் போட்டிக்கு எடைக்கு 33 பேர் தகுதி பெறுகிறார்கள். முதல் எட்டு இடம் பெறுபவர்கள் ஆல்-அமெரிக்கன். எனவே அந்த 33 பேரில் உள்ளவர்களோடு அவன் மோதியிருந்தால் அந்தப் போட்டிகளைத் தனியாகப் பிரித்து எடுங்கள். அதேபோல் புதிய அணியில் அவன் முந்த வேண்டிய வீரரும் அவனும் மோதிய பொது எதிராளி யாராவது இருந்தால், அந்த ஒரு ஒப்பீடு பத்துத் தரவரிசைகளைவிட உதவும்.

வெற்றியின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். இரு அணிகள் நேருக்கு நேர் மோதும்போது சாதாரண வெற்றிக்கு அணிக்கு 3 புள்ளி. எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் வென்றால் 4. பதினைந்து வித்தியாசம் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்து 5. எதிராளியின் முதுகைப் பாயில் அழுத்தி வென்றால் 6. இரண்டு பேர் ஏறத்தாழ சமமாக இருந்தால், பெரிய வெற்றிகளைக் கொண்டுவருபவரைத்தான் பயிற்றுநர் இறக்குவார். எப்போதும் ஒரு புள்ளியில் வெல்பவர் திறமைசாலியாக இருந்தும் வெளியே உட்கார நேர்வது இதனால்தான்.

அக்கா மகனின் ஏழு தோல்விகளின் காணொளிகளையும் நாங்கள் சேர்ந்து பார்த்தோம். ஐந்தில் முதல் மூன்று நிமிடப் பகுதி முடியும்போது அவன் முன்னிலையில் இருந்தான். அதன்பின் வரும் இரண்டு நிமிடப் பகுதியில் கீழே மாட்டிக்கொண்டு, எழத் தெரியாமல், கையை ஊன்றி ஊன்றி விழுந்தான். ஒரு காணொளியில் அவனுடைய இடது மணிக்கட்டை எதிராளி பிடித்தவுடன், விடுவிக்க முயலாமல் தலையைத் தாழ்த்திவிடுவதை மூன்று முறை நிறுத்திப் பார்த்தோம். ஒரே விதமாகத் தோற்பவனைத் திருத்தலாம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் தோற்பவனுக்கு இன்னும் காலம் வேண்டும். அந்தக் காணொளியை வெட்டி அவன் அடுத்த கல்லூரியின் பயிற்றுநருக்கே அனுப்பி, “இதை எப்படிச் சரிசெய்வீர்கள்?” என்று கேட்டான். அவர் அன்றே பத்து நிமிடம் பேசி, மணிக்கட்டை விடுவிக்கும் வழியைக் கையால் செய்து காட்டினார். அவர்மீது எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

பயிற்றுநர் எவ்வளவு காலம் அங்கே இருப்பார் என்பதும் கணக்கில் வர வேண்டும். 2024இல் ஜான் ஸ்மித் ஓய்வுபெற்று, டேவிட் டெய்லர் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பொறுப்பை ஏற்றதும் ஹமிட்டி, ஹென்ட்ரிக்சன் போன்றவர்கள் வந்து சேர, முதல் பருவத்திலேயே அந்த அணி நாட்டில் மூன்றாம் இடம் பிடித்தது. புதிய பயிற்றுநர் வரும் அணியில் பழைய வரிசை கலையும். அது வருபவருக்கு வாய்ப்பு, இருப்பவருக்கு ஆபத்து. கல்லூரி அந்த விளையாட்டையே கைவிடும் நிலையும் வரலாம். ஸ்டான்ஃபர்ட் 2020 ஜூலையில் மல்யுத்தம் உட்பட 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறு ஆண்டு ஷேன் கிரிஃபித் கல்லூரிப் பெயர் பொறிக்காத கறுப்பு உடையில் 165இல் தேசியப் பட்டம் வென்றார். அதன்பின் 2021 மேயில் கல்லூரி அந்த முடிவைத் திரும்பப் பெற்றது.

காகித வேலைகள் அலுப்புத் தட்டினாலும் நம் பிள்ளைகளின் மாற்றம் பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் இணையப் பதிவேடான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் தொடங்கியது. படிப்பில் தகுதியோடு இருப்பவர் எத்தனை முறை மாறினாலும் உடனே போட்டியிடலாம் என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை. ஆனால் போர்ட்டலில் பெயர் கொடுத்தவுடன், பழைய கல்லூரி அந்தக் கல்விப் பருவத்தோடு உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளலாம். பெயரைத் திரும்பப் பெற்றாலும் பழைய இடம் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகையால் மேலே சொன்ன தாளை நிரப்பிய பிறகே பெயர் கொடுக்கட்டும்.

முதல் பிரிவில் போட்டியிட, மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பின் 40 சதவீதமும், நான்காம் ஆண்டில் 60 சதவீதமும், ஐந்தாம் ஆண்டில் 80 சதவீதமும் முடிந்திருக்க வேண்டும். புதிய கல்லூரி பழைய பாடங்களில் நான்கைந்தை ஏற்க மறுத்தால் இந்த விழுக்காடு சரிந்துவிடும். ஒவ்வொரு பாடமும் எந்தப் பாடமாக ஏற்கப்படுகிறது என்பதைக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். இங்கே பலதுறைத் தொழிற்கல்லூரியில் முழுநேரம் படித்தவர்கள், அந்த ஆண்டுகளும் தேசிய சேவைக் காலமும் தகுதிக் கணக்கில் எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பதையும் புதிய கல்லூரியின் விதிகள் பிரிவிடம் அதேபோல் எழுத்தில் கேட்க வேண்டும்.

விசாவைப் பொறுத்தவரை, மாணவர் பதிவை ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, மாணவர் விசாவுக்கு அடிப்படையாகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தைப் புதிதாகப் பெற வேண்டும். அது கைக்கு வரும்வரை பழைய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தோடு தொடர்பை அறுத்துக்கொள்ளக் கூடாது. விளம்பர வருமானம் பற்றிப் பயிற்றுநர் பேசினால் எச்சரிக்கையாக இருங்கள்: மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றி வேலை செய்து சம்பாதிக்க முடியாது; அமெரிக்க மாணவருக்குக் கிடைக்கும் தொகையை நம் குடும்ப வரவு செலவில் எழுதிவிடாதீர்கள். மாற்றத்தால் படிப்பு ஓராண்டு நீண்டால், தற்காப்பு அமைச்சு தந்த வெளிநாட்டு அனுமதியின் தேதியையும் மறக்காமல் நீட்டிக்க வேண்டும்.

அக்கா மகன் கடைசியில் தேர்ந்தெடுத்த கல்லூரி, முதலில் அழைத்ததைவிடப் பெயரில் சிறியது. 184இல் இருந்தவர் படிப்பை முடித்துவிட்டார். பின்னால் ஒரு ரெட்ஷர்ட் இருந்தார். 197இல் இருந்தவர் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றவர். இலையுதிர்காலத்தில் அணிக்குள்ளேயே நடக்கும் தேர்வு மோதலில் அவன் அந்த ரெட்ஷர்ட்டிடம் தோற்றான். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்த மோதல் பருவத்தின் தொடக்கத்தில் நடப்பது. அணியின் இடம் ஜனவரியில் வரும் நேரடி மோதல்கள்வரை பலமுறை கைமாறும். அதுவரை திறந்தநிலைப் போட்டிகளில் அவன் யாரை எதிர்கொள்கிறான், கீழ்நிலையிலிருந்து எத்தனை முறை எழுகிறான் என்பதைத்தான் கவனிக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். நவம்பரில் அவன் அனுப்பிய முதல் காணொளியில், எதிராளி அதே இடது மணிக்கட்டைப் பிடிக்கிறார். இவன் தலையைத் தாழ்த்தாமல், இடுப்பை முன்னே தள்ளி, கையை உருவிக்கொண்டு எழுகிறான். நாங்கள் அதை நிறுத்தாமலே மூன்று முறை பார்த்தோம்.